கடைமடைக் கடிகாரம்

மேலிடம் என்று கோடியமடைக்காரர்கள் சொன்னது எந்தக் கட்சித் தலைமையையும் அல்ல, ஆற்றை நடத்தும் இயந்திரத்தை. நதிப் பகிர்வு ஆணையம் அதற்கு வைத்திருந்த பெயர் ஒன்றரை வரி நீளம். அதை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் அந்த ஆணையத்திலேயே இருந்தாரா என்பது சந்தேகம். கேட்கிற முறையில் கேட்டால் கொடுக்கும், கெஞ்சினால் கொடுக்காது, எதிர்த்துப் பேசினால் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அதனால் யாரோ மேலிடம் என்று ஆரம்பித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மேலிடத்துக்குச் சாதி தெரியாது, மாமன் மச்சான் தெரியாது, தேர்தல் தெரியாது. அணையிலிருந்து கடைசி வாய்க்கால் வரை எல்லா மதகுகளையும் அதுவே திறந்து மூடியது. அது கேட்டது ஒரே ஒரு நிபந்தனை. தண்ணீர் தனி ஆளுக்குக் கிடையாது, குழுவுக்குத்தான். குழு சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொண்டு அதில் குரூப்வேர் ஒன்றை நிறுவ வேண்டும். மின்னஞ்சல், முகவரிப் புத்தகம், ஆவணப் பெட்டி, பொது நாட்காட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். உறுப்பினர்கள் அவரவர் போனிலிருந்தே அதைத் திறந்து, யார் வயலுக்கு எந்தக் கிழமை எந்த நேரம் என்று நாட்காட்டியில் தாங்களே முறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வயல் மடையிலும் ஓர் உணரி இருந்தது. ஒருவர் முறையில் இன்னொருவர் தன் மடையைத் திறந்தால் அது ஒரு முரண். சோதனைக்கென்று கொஞ்சமாகத் தண்ணீர் விடும் இருபத்தொரு நாளில் மூன்று முரண் வந்துவிட்டால் அது ஒற்றுமையில்லாத குழு. பிறகு ஆறு ஆண்டுகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. மற்றவர்கள் குடித்து மிச்சம் வைத்ததுதான் வரும். உங்கள் வீட்டுச் சண்டையை நாங்கள் தீர்ப்பதில்லை என்று ஆணையம் பெருமையாகவே சொல்லிக்கொண்டது.

கோடியமடை ஆற்றின் வாலில், கடலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் கிடக்கும் ஊர். ஆயிரத்து நானூறு ஏக்கர், இருநூற்றுப் பதினான்கு குடும்பங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அது சோதனையில் இறங்கி, ஐந்தாம் நாளே தோற்றுப்போனது. அந்த ஆறு ஆண்டுகளில் முந்நூறு ஏக்கர் உப்பேறிப் போனது. இரண்டாம் தடவை தோற்றால் மீதியையும் இறால் குட்டைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். விலை பேசக்கூட ஆட்கள் வந்துபோய்விட்டார்கள்.

அன்றைக்கு சர்வரை நிறுவிக் கொடுத்தவன் உத்திராபதி. இன்றைக்கும் அவன்தான்.

உத்திராபதிக்கு நாற்பத்தைந்து வயது, சொந்த ஊர் பக்கத்து வாய்க்கால். டெல்டா முழுக்கக் குழுக்களுக்கு சர்வர் நிறுவுவதுதான் அவன் பிழைப்பு. வேலையில் சுத்தமானவன், அந்தச் சுத்தத்தில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கோடியமடை தோற்றபோது ஆணையம் தணிக்கை செய்து, 'நிறுவல் குறைபாடற்றது' என்று அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதை அவன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அந்தக் கடிதத்துக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. நிறுவலில் குறை இல்லையென்றால் குறை ஊரில்தான்.

ஊர் அந்தக் குறையை ஓர் ஆளின் தலையில் கட்டியது. சனிக்கிழமை மேலிடம் அனுப்பிய அறிக்கையில் மூன்று வரிகள் இருந்தன. முதல் இரண்டையும் அஜாக்கிரதை என்று ஊர் மன்னித்துவிட்டது. மூன்றாவது வரிதான் எல்லோரையும் மூழ்கடித்தது: வெள்ளி, இரவு இரண்டு மணி, முறை தையல்நாயகி, திறந்தவர் வேதரத்தினம். தையல்நாயகி குழுவின் தலைவி, அன்றும் இன்றும். அந்த வெள்ளி இரவு அவர் வயலுக்கு வந்த தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. நான் திறந்தது வியாழக்கிழமை என்று வேதரத்தினம் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். இயந்திரம் வெள்ளி என்கிறது, கற்பூரம் வியாழன் என்கிறது, எதை நம்புவது என்று கேட்டு ஊர் சிரித்தது. தண்ணித் திருடன் என்று தையல்நாயகி எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு வேதரத்தினம் வந்து உட்கார்ந்தால் டீக்கடையில் பேச்சு நின்றது. பத்து ஏக்கரில் ஆறை அவர் விற்றுவிட்டார். மகள் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஓர் ஆள் போகவில்லை; இருநூறு இலைச் சாப்பாடு குட்டையில் கொட்டப்பட்டது.

இந்தத் தடவை சர்வரைக் கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்கில் வைத்தார்கள். பழையது உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்திருந்தது. உத்திராபதி இயங்குதளத்தைப் போட்டு, வலைச் சேவையகத்தைப் போட்டு, தரவுத்தளத்தைப் போட்டு, கடைசியில் குரூப்வேரை அவிழ்த்தபோது அது வழக்கம்போல முறைத்துக்கொண்டது. ஒரு துணை நிரல் இல்லை என்றது. அதைக் கொடுத்தால் தரவுத்தளத்தைத் தொட எனக்கு அனுமதியில்லை என்றது. அதையும் கொடுத்தால் என் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்றது. புது மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொடுத்தான்.

இயந்திரம் பரவாயில்லை, மனிதர்கள்தான் பாடாய்ப் படுத்தினார்கள். உறுப்பினர் கணக்குகளைத் தொடங்கிய நாளில் கிடங்கு வாசலில் முப்பது பேர் நின்றார்கள். நிர்வாகி என்று ஒரு பதவி இருக்கிறதென்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அது வேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் வாய்க்கால் வெட்டுக்கு முன்னால் நிற்பவர்கள், எனக்கு நிர்வாகி கொடு என்றார் ஒருவர். அவருக்குக் கொடுத்தால் எனக்கும் கொடு, இல்லையென்றால் இருவருக்கும் கொடுக்காதே என்றார் அவருடைய பங்காளி. நிர்வாகி என்றால் தண்ணீர் கூட வராது, தலைவலிதான் கூட வரும் என்று உத்திராபதி தொண்டை வறளச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் எல்லோரையும் 'மூத்த உறுப்பினர்' என்று ஒரு குழுவில் போட்டான். அந்தக் குழுவுக்குச் சாதாரண உறுப்பினருக்கு இல்லாத அதிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. முப்பது பேரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை சோதனை ஆரம்பித்தது. ஒரு முறை நாலு மணி நேரம், ஒரு நாளுக்கு ஆறு முறை. ஞாயிறுதோறும் அடுத்த வாரத்துக்கான முறைகளைப் போட்டுக்கொள்வார்கள். போன தடவை நிறுவிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட உத்திராபதி, இந்தத் தடவை உரக் கிடங்கிலேயே கட்டில் போட்டுக்கொண்டான். ஒரு வாரம் போனது, முரண் இல்லை. பன்னிரண்டு நாள் போனது, முரண் இல்லை. ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடியது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் மடைக்குக் காவல் இருந்தார்கள். உத்திராபதி தன் பேச்சில் 'நம்ம ஊரு' என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, தையல்நாயகி கிடங்குக்கு இட்லி கொண்டுவந்தார். சாப்பிடும்போது அவனைப் பாராட்டினார். "போன தடவ பன்னண்டு மணி, நாலு மணின்னு மொட்டையா இருந்துச்சு தம்பி. இப்ப அஞ்சரையில ஆரம்பிச்சு அஞ்சரையில முடியிது. விடியிறப்ப நாளு ஆரம்பிக்கிற மாதிரி போட்டிருக்கீங்க பாருங்க, அது நல்லாருக்கு."

உத்திராபதி கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தான். அவன் அப்படி எதுவும் போடவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். நேர மண்டலம் என்ற இடத்தில் உலகப் பொது நேரம் என்று இருந்தது. நிறுவும்போது எந்த நாட்டு நேரம் என்று மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். நிர்வாகிப் பதவிச் சண்டைக்கு நடுவே அவன் அதைப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறான். உலகப் பொது நேரத்தில் நடுநிசி ஆகும்போது இங்கே காலை ஐந்தரை. ஆகவே கோடியமடை சர்வருக்கு ஒரு நாள் என்பது காலை ஐந்தரையிலிருந்து மறுநாள் காலை ஐந்தரை வரை. போன்களெல்லாம் நம் நேரத்தைக் காட்டியதால் யாரும் தப்பாக எதையும் பார்க்கவில்லை. முதல் வருடத்துப் பையன்கள் செய்கிற தவறு இது. வெட்கத்தில் அவன் காது சூடாகிவிட்டது. யாருக்கும் சொல்லாமல் இந்திய நேரத்துக்கு மாற்றி, சேவையை நிறுத்தித் தொடங்கி, நிம்மதியாக மூச்சுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மூன்றாவது வாரத்துக்கான முறைகளைப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை முதல் முரண் வந்தது. புதன் காலை இரண்டாவது. அந்த இரண்டாவது வரியில், திறந்தவர் என்ற இடத்தில் இருந்த பெயர் வேதரத்தினம்.

ஒன்பது மணிக்குள் செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுபடியுமா என்றார்கள் சிலர். அவன் மடைக்குப் பூட்டுப் போடச் சொன்னேனே, யார் கேட்டார்கள் என்றார்கள் சிலர். மீதி ஐந்து நாள். இன்னும் ஒரு முரண் வந்தால் கோடியமடை முடிந்தது. பத்துப் பதினைந்து பேர் வேதரத்தினத்தின் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தபோது உத்திராபதி வரப்பில் குறுக்கே விழுந்து ஓடி, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். ஏன் ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. தொழிலில் அவனுக்கிருந்த நம்பிக்கையில் எங்கோ ஒரு நூல் பிரிந்திருந்தது. பன்னிரண்டு நாள் ஒழுங்காக இருந்த ஊர் இரண்டே நாளில் எப்படித் திருடர்களாக மாறும்?

வேதரத்தினம் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது, ஒட்டிய கன்னம். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செவ்வாக்கெழம எம் முறை. செவ்வாக்கெழமதான் தொறந்தேன்" என்றார். "அப்பவும் வியாழக்கெழமதான் தொறந்தேன். எத்தன தடவ தம்பி சொல்றது?"

"செவ்வாக்கெழமன்னா எப்ப ஐயா?"

"செவ்வாக்கெழம ராத்திரி. சாப்புட்டுப் படுத்து எந்திரிச்சு, ரெண்டு மணிக்குப் போனேன்."

உத்திராபதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அது புதன்கெழம ஐயா."

வேதரத்தினம் அப்போதுதான் அவனைப் பார்த்தார். பைத்தியக்காரனைப் பார்க்கிற பார்வை. "விடியவே இல்ல, அதுக்குள்ள எப்புடி புதன்கெழம வரும்?"

பின்னால் வந்து நின்ற கூட்டத்தை உத்திராபதி திரும்பிப் பார்த்தான். ஒருவர் விடாமல் கேட்டான். செவ்வாய் இரவு இரண்டு மணி என்றால் நாட்காட்டியில் எந்தக் கிழமையில் போடுவீர்கள்? செவ்வாயில்தான் என்றார்கள், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற முகத்தோடு. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு அவரும் செவ்வாய் என்றார். கோடியமடையில் நாள் விடியலில் பிறந்தது, மறு விடியலில் முடிந்தது. மேலிடத்துக்கு நாள் நடுநிசியில் பிறந்தது. ஒவ்வோர் இரவும் பன்னிரண்டிலிருந்து விடியும் வரை ஊர் ஒரு கிழமையிலும் மேலிடம் இன்னொரு கிழமையிலும் இருந்தன.

கணக்கைப் பார்க்கும்வரை பொறுங்கள் என்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவன் தையல்நாயகியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். கிடங்கில் உட்கார்ந்து, ஆணையத்தின் ஆவணப் பெட்டியிலிருந்து பழைய பதிவுகளை இறக்கி ஒவ்வொரு வரியாகக் காட்டினான். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மூன்று முரண்களும் நடுநிசிக்குப் பிந்தியவை. பகலில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வரியில் மேலிடம் வெள்ளி இரண்டு மணி என்று சொன்ன நேரம், ஊருக்கு வியாழன் இரவு. அன்றைக்கு முறை வேதரத்தினத்துடையதுதான். தன் முறையில் தன் மடையைத்தான் அந்த மனிதர் திறந்திருக்கிறார். வெள்ளி இரவு தண்ணீர் குறைந்தது, குழு அதற்குள் தோற்றுவிட்டதென்று மேலிடம் மதகை இறக்கியதால்தான்.

"போன தடவ நேரத்த நான் சரியா வெச்சேங்க்கா" என்றான். "அதுலதான் ஊர் போச்சு. இந்தத் தடவ தப்பா வெச்சேன். அதுலதான் பன்னண்டு நாள் தப்பிச்சோம். அப்புறம் திருத்துறேன்னு கெடுத்துட்டேன்."

தையல்நாயகி நேரத்தைப் பழையபடி தப்பாகவே வைத்துவிடச் சொன்னார். உத்திராபதி மறுபடி உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அந்த வாரம் மீதியிருந்த இரவு முறைகளை ஒவ்வொன்றாக ஒரு நாள் தள்ளி வைத்தான். ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் தலையாட்டி மறுத்தார். "வேதரத்தினம் அண்ணன் விஷயத்த நீங்க சொல்லக்கூடாது. திருடன்னு சொன்னது என் வாயி. நான்தான் சொல்லணும். தோத்தாலும் சொல்லுவேன், ஜெயிச்சாலும் சொல்லுவேன்."

வியாழன் போனது. வெள்ளி போனது. சனியும் ஞாயிறும் போயின. திங்கள் விடிந்து ஐந்தரை அடித்தபோது பக்கத்தின் மேலே ஒரு பச்சைப் பட்டை வந்தது: சோதனை நிறைவு, முரண்கள் இரண்டு, குழு தகுதி பெறுகிறது. கிடங்கில் நின்றவர்கள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்துபோயின.

பத்து மணிக்கு ஆணையத்திலிருந்து செயற்பொறியாளர் மெர்லின் காணொளியில் வந்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஒரு சிறிய குறை இருக்கிறது என்றார். உங்கள் சர்வர் அயல் நேரத்தில் ஓடுகிறது, இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகுதான் மதகு திறக்க உத்தரவிட முடியும், விதி அப்படி.

ஊரே பின்னால் நின்றுகொண்டிருந்தது. மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டால் இன்றைக்குத் தண்ணீர் வந்துவிடும். ஒரு வாரத்தில் மறுபடி முரண் வரும், மறுபடி யாராவது திருடனாவார். உத்திராபதி மாற்ற மாட்டேன் என்றான். இருபதாண்டுத் தொழிலில் ஆணையத்திடம் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"மேடம், கடைமடைக் குழுக்கள்ல இதுவரைக்கும் எத்தன தோத்திருக்கு?"

நூற்றுப் பன்னிரண்டு என்றார் மெர்லின்.

"அந்த நூத்திப் பன்னண்டுலயும் முரண் எத்தன மணிக்கு வந்திருக்குன்னு மட்டும் பாருங்க. பாத்துட்டு மாத்தச் சொன்னீங்கன்னா மாத்துறேன்."

மெர்லின் நேர்மையான பெண். எரிச்சலை மறைக்காமல், ஆனால் தேடினார். திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. எரிச்சல் போனது, புருவம் சுருங்கியது, கை வாய்க்குப் போனது. நூற்றுப் பன்னிரண்டில் நூற்றொன்பது குழுக்கள் நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவே தோற்றிருந்தன. அத்தனையையும் ஆணையம் ஒற்றுமையில்லாதவை என்று எழுதி வைத்திருந்தது. அந்த ஊர்களும் அதை நம்பி, ஒற்றுமையில்லாமல் ஆகிவிட்டன.

"நாங்க யாரையும் கேக்கவே இல்லயே" என்றார் மெர்லின். பிறகு நேரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லி, தன் பொறுப்பில் உத்தரவில் கையெழுத்திட்டார். எட்டே நாளில் ஆணையத்தின் விதி மாறியது. ஒவ்வொரு குழுவும் தன் நாள் எப்போது தொடங்குகிறது என்பதைத் தானே முடிவு செய்யலாம். அப்படித் தோற்ற மற்ற நூற்றெட்டு ஊர்களுக்கும் கதவு மறுபடி திறந்தது. கூடத்தில் மாட்டியிருந்த கடிதத்தை உத்திராபதி கழற்றிப் பரணில் போட்டான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்தத் திங்கட்கிழமை உச்சிப்பொழுதில், மதகு திறந்த சேதி வந்ததும் ஊர் வாய்க்காலைப் பார்த்து ஓடியது. தையல்நாயகி ஓடவில்லை. எல்லோரையும் நிறுத்தினார். தண்ணீர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, எல்லோரும் என் பின்னால் வாருங்கள் என்றார். வேதரத்தினத்தின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, கூட்டத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி சாத்தப் போனார். வேதரத்தினம் வெளியே வந்தார்.

"ஊர் முன்னால ஒங்களத் திருடன்னு சொன்னேன் அண்ணே" என்றார் தையல்நாயகி. "ஊர் முன்னாலயே சொல்றேன். நீங்க திருடல. அன்னைக்கு ஒங்க முறையிலதான் ஒங்க மடையத் தொறந்தீங்க. நான் சொன்னது பொய்யி. ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருந்தது பாவம்."

அவர் உத்திராபதியைப் பார்க்கச் சொல்லி விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, கடிகாரத்தின் மேல் பழி போடவில்லை. உத்திராபதிதான் முன்னால் வந்து, நேரத்தை வைத்தவன் நான், பழியில் பாதி என்னுடையது என்றான். வேதரத்தினம் அவனைக் கையால் ஓரமாகத் தள்ளினார். அவர் கண் தையல்நாயகியை விட்டு நகரவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும் தங்கச்சி" என்றார். "ஆறு வருஷமா இந்த வீட்டுக்குள்ள ஒன்னத்தான் நாங்க திருடின்னு சொன்னோம். தலைவிங்குற அதிகாரத்துல எம் முறையத் தன் முறைன்னு மாத்தி எழுதிக்கிட்டாள்னு பேசினோம். எம் பொண்ணு ஒம் பேரச் சொல்லிச் சபிச்சுட்டுத்தான் புருஷன் வீட்டுக்குப் போனா. ஒனக்குச் சொல்றதுக்கு ஊர் இருந்துச்சு. எனக்கு வீடு மட்டுந்தான் இருந்துச்சு."

தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வேதரத்தினத்தின் மனைவி கதவை முழுதாகத் திறந்து வந்து, அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று தெற்கிலிருந்து குரல் கேட்டபோது யாரும் முதலில் ஓடவில்லை. வேதரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர் அவருக்குப் பின்னால் நடந்தது. உத்திராபதி கடைசியில் வந்தான். முன்னால் போகிறவர்களின் தலைகளுக்கு மேலே, கிழவர் வாய்க்கால் கரையில் இறங்கி, வந்த தண்ணீரை இரு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வது அவனுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற தையல்நாயகியிடம் அவர் ஏதோ சொன்னார். தையல்நாயகி அழுதுகொண்டே சிரித்தார்.